துண்டு என்றால் துணியில்லை: அடிமைகளையும் கூலிகளையும் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, முனிர்க்காவில் என் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள். பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். இரண்டு பேர் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய தன் பாட்டனாரின் அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆளுக்கொரு கட்டுரை வரும், நான் சிவப்புப் பேனாவோடு காத்திருப்பேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்றக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பதுதான் என் தகுதி. அலுவலகத்தில் என் வேலை மொழிபெயர்ப்பு.

போன மாதம் புதிதாக வந்த பெண்ணின் கட்டுரையில் மூன்றாம் பக்கத்தில் இந்த வரி இருந்தது: "1834-இல் அடிமை முறை ஒழிந்தது, அதே அடிமைகளை ஒப்பந்தக் கூலி என்று பெயர் மாற்றி மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள்." ஒரே வாக்கியத்தில் நான்கு பிழைகள். பேனாவை எடுத்தேன், கோபம் வரவில்லை. கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நான் 2004-இல் ஒரு சிற்றிதழில் அச்சிலேயே ஏற்றியிருக்கிறேன்.

கப்பல் பெயரைத் தப்பாக எழுதுவது, பவுண்டையும் ரூபாயையும் குழப்புவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை இரண்டாம் வாசிப்பில் தாமாகவே கண்ணில் படும். பத்து முறை வாசித்தாலும் சரியாகவே தோன்றும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

பெயர்தான் மாறியது என்பது

மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். கட்டுரையில் எழுதினால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பிறந்த குழந்தை யாருடையது என்பதுதான் அந்தக் கேள்வி.

வட அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றத்தில் 1662-இல் ஒரு சட்டம் போட்டார்கள். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளை தகப்பன் வழியில்தான் போக வேண்டும். அதைத் தலைகீழாக்கிய காரணம் எளிது: அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறப்பதெல்லாம், தகப்பன் எசமானனாகவே இருந்தாலும், எசமானனின் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்தாண்டு உழைப்பை எழுதிக்கொடுத்து ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போன பெண்ணுக்கு எஸ்டேட்டில் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தை சட்டப்படி யாருக்கும் சொத்தாகாது. வேறுபாட்டின் அடிவேர் இங்கேதான் இருக்கிறது. அடியும் பசியும் இரண்டு பக்கமும் உண்டு என்பதால், அடியையும் பசியையும் மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஒப்பந்தக் கூலி என்றதும் நமக்கு இந்தியர் ஞாபகம் வருகிறது. அதற்கு இரு நூற்றாண்டு முன்பே வெள்ளைக்காரர்கள் அப்படிப் போனார்கள். கப்பல் கூலி கொடுக்க வழியில்லாத இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஏழைகள் நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பை எழுதிக்கொடுத்து அமெரிக்காவுக்கும் பார்படோஸுக்கும் போனார்கள். 1640-இல் வர்ஜீனியாவில் ஒரே எசமானனிடமிருந்து மூன்று வேலையாட்கள் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். ஒருவன் டச்சுக்காரன், ஒருவன் ஸ்காட்லாந்துக்காரன், மூன்றாமவன் ஜான் பன்ச் என்ற ஆப்பிரிக்கன். மூவருக்கும் கசையடி. வெள்ளையர் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டுச் சேவகம். ஜான் பன்சுக்கு ஆயுள் முழுவதும். ஒரே குற்றம், ஒரே நாள், ஒரே மன்றம். இரண்டு முறைகளும் பிரிந்துபோகும் இடத்தைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மாணவர்கள் ஏன் இதை எடுப்பதே இல்லை என்றும் தெரியாது.

"அதே அடிமைகள்" என்பதும் பிழைதான். விடுதலையான ஆப்பிரிக்கர்கள் முதலாளி சொன்ன கூலிக்குப் பழைய வயலில் குனிய மறுத்தார்கள், அல்லது பேரம் பேசினார்கள். பேரம் பேசாத ஆட்களைத் தேடித்தான் தோட்ட முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். ஆட்கள் வேறு, தேவை அதே.

ஐரிஷ்காரர்களும் அடிமைகளே என்பது

இல்லை. வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் அவர்களில் பலர் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் ஏலத்துக்கு வரவில்லை.

கைநாட்டு வைத்தார்கள், ஆகவே சம்மதித்தார்கள் என்பது

முந்தைய தவறைச் சுட்டிக்காட்டியதும் மாணவர்கள் ஓடிப்போய் விழும் எதிர்க்குழி இது. "அப்படியானால் சார், அது வேலை ஒப்பந்தம்தானே?" என்று கேட்பார்கள். நம் அலுவலக நியமன ஆணை போல நினைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு வராவிட்டால் எனக்குச் சம்பளம் போகும், அதிகமானால் வேலை போகும். நேட்டாலில் வராவிட்டால் சிறை. மொரீஷியஸில் ஒருநாள் வராதவனுக்கு இரண்டு நாள் கூலி வெட்டு. "இரட்டை வெட்டு" என்றே அதற்குப் பெயர். ஒப்பந்தத்தை முறிப்பது அங்கே உரிமையியல் வழக்காக வராது, குற்றவியல் வழக்காகத்தான் வரும். இந்த ஒரு வரியை எழுதாமல் ஐந்தாண்டு, பத்து ஷில்லிங், ரேஷன் அரிசி என்று எழுதிக்கொண்டே போனால் அது ஆள்சேர்ப்பு ஏஜெண்டின் துண்டறிக்கையாகிவிடும்.

பாலசுந்தரத்தின் கதையை எல்லாருக்கும் தெரியும், பாதியோடு நிறுத்திவிடுவார்கள். 1894-இல் டர்பனில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் முன் வந்து நின்ற தமிழ்க் கூலி அவர். எசமானன் அடித்திருந்தான். காந்தி மருத்துவரிடம் காட்டி, நீதிபதியிடம் அழைத்துப்போய், நியாயம் வாங்கிக்கொடுத்தார் என்பதோடு கட்டுரை முடிந்துவிடும். என்ன நியாயம்? எசமானன் மாறினான். ஒப்பந்தம் இன்னொரு வெள்ளைக்காரர் பெயருக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே. அடிபட்டவன் வழக்குமன்றம் ஏற முடிந்தது; தோட்ட அடிமைக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியே இருந்தது. ஆனால் ஏறி இறங்கிய பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை, வேறு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது எடுத்துக்காட்டு.

ஐந்தாண்டு முடிந்ததும் விடுதலை என்று எழுதுகிறவர்கள் மூன்று பவுண்டு வரியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். 1895-இல் நேட்டால் கொண்டுவந்த சட்டம் அது. ஒப்பந்தம் முடிந்தவன் திரும்பவும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது ஊருக்குப் போக வேண்டும், இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும். முதல் ஆண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங்; ஆறு மாதச் சம்பளம். 1903-இல் பதினாறு வயதான பையன்களுக்கும் பதின்மூன்று வயதான பெண்களுக்கும் அதை நீட்டினார்கள். அந்தக் குழந்தை யாருக்கும் சொத்தில்லை என்று சற்று முன்பு சொன்னேன். சொத்தில்லைதான்; ஆனாலும் பதின்மூன்று வயதில் வரிக்காரன் வந்து நிற்பான்.

இலங்கையைப் பட்டியலில் சேர்ப்பது

இப்போது என் சொந்த வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

2003-இல் இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் பக்கம் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெரியவர் அறிமுகமானார். கோத்தகிரிக்காரர். அதற்கு முன் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நாங்கள், தம்பி. கொள்ளுத்தாத்தா போன பத்திரத்தை மட்டும் தேடிக் கொடுத்துவிடு" என்றார். கேட்டவுடன் உள்ளே மணி அடித்தது. ஒப்பந்தம், பத்திரம், கொள்ளுத்தாத்தா. ஆய்வாளனுக்கு வேறென்ன வேண்டும். ஒரு சிறு நல்கைக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. பதினொரு மாதம். விடுமுறை, சனிக்கிழமை, ஈட்டிய விடுப்பு எல்லாம் போயிற்று. தில்லியில் குடியேற்றக் கோப்புகளின் அட்டவணையை ஆண்டுவாரியாகப் பார்த்தேன். ரயிலேறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை போனேன். நேட்டால் இருந்தது, மொரீஷியஸ் இருந்தது, ஃபிஜி இருந்தது. இலங்கைக்குப் போனவர்களுக்குக் குடியேற்றச் சீட்டு என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கரையான் அரித்திருக்கும் என்று நினைத்தேன். வெள்ளைக்காரன் எரித்திருப்பான் என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பி, அதைக் கட்டுரையிலும் எழுதினேன்.

அப்படி ஒரு சீட்டு இருந்ததே இல்லை. கடல் கடந்து கூலி வேலைக்குப் போவதை ஒழுங்குபடுத்திய இந்தியச் சட்டத்திலிருந்து இலங்கைக்கு 1847-லேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடையாது, கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைக்கும் டிப்போ கிடையாது, உயரம், தழும்பு குறித்த பதிவு கிடையாது. ஆள்சேர்த்து வேலைவாங்கும் மேஸ்திரியான கங்காணி தன் ஊருக்கே வந்து, சொந்தக்காரனையும் பக்கத்துத் தெருக்காரனையும் முன்பணம் கொடுத்து அழைத்துப்போனான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்பதை இலங்கையின் தேயிலை மலைப் பகுதியான மலையகத்தில் எந்தப் பாட்டியும் சொல்வாள். அந்த முன்பணம், வழிச்செலவு, அரிசிக்காசு எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். கூலிக்கும் துரைக்கும் நடுவில் ஐந்தாண்டுப் பத்திரமில்லை. கூலிக்கும் கங்காணிக்கும் நடுவில் கடன் இருந்தது.

இதெல்லாம் அந்தப் பெரியவரே எனக்குச் சொல்லியிருந்தார். காது கொடுத்தது நோட்டுப் புத்தகம், தலை கொடுக்கவில்லை. முதல் சந்திப்பில் எழுதிக்கொண்ட குறிப்பு இப்போதும் இருக்கிறது: "துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. (துண்டு: தோளில் போடும் துணி? மரியாதைச் சின்னமா?)" எழுதியது நான்தான், கையெழுத்தை மறுக்க முடியவில்லை. எசமானன் முன் துண்டை இடுப்பில் கட்டும் நம் ஊர்க் கொடுமையை நினைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பத்தி மானிடவியல் விளக்கம் வேறு எழுதினேன்.

துண்டு என்றால் துண்டுச் சீட்டு. ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அந்தத் தொகையைக் கட்டுகிறவருக்கு விட்டுக்கொடுக்கத் தயார் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுப்பது. அதை எடுத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனால், அங்குள்ள துரை பழைய கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்வான். கடன் அடையாது, இடம் மாறும். பெரும்பாலும் வளரும். 1921-இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் நிறுத்தினார்கள்.

அப்புறம் "ஒப்பந்தம்". பெரியவர் "ஒப்பந்தத்தில் வந்தோம்" என்றார். நான் "ஒப்பந்தத்தில் போனோம்" என்று கேட்டுக்கொண்டேன். மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்கு ஒப்பந்தம் என்றால் 1964-இல் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை கொடுத்துக் கப்பலேற்றப்பட்ட குடும்பம் அது. நூறு ஆண்டுக்கு முந்தைய பத்திரத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன்; அவர் சொன்ன ஒப்பந்தத்தின் காகிதம் அவர் பிள்ளை வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பதினொரு மாதம் கழித்து விஷயம் புரிந்து அவரிடம் போய் நின்றபோது, பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துண்டு என்றால் தோளில் போடுவதா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது. நல்கையின் இரண்டாம் தவணை வரவில்லை. வந்திருந்தால் அதைவிட அவமானம்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒவ்வொரு புதுக் கட்டுரையிலும் இலங்கை அந்தப் பட்டியலில் வந்து உட்காரும்போது எரிச்சல் வருகிறது. காரணம் கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை. பட்டியலில் சேர்த்ததும் ஒப்பீடு முழுவதும் சாய்ந்துவிடுகிறது. அடிமையிடம் பிடித்துவைத்தது உடம்பையும் அதன் வாரிசையும். ஒப்பந்தக் கூலியிடம் பிடித்துவைத்தது காலத்தை. அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு, சுவரில் கோடு போட்டு எண்ணலாம். கங்காணிக் கூலியிடம் பிடித்துவைத்தது கணக்கை. இலங்கைச் சட்டம் அவனை மாதக் கூலி என்றது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து அவன் விலகலாம். சொல்லாமல் போனால் சிறை. சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், கடனோடு எங்கே போவது? காகிதத்தில் பார்த்தால் மூவரில் அதிகச் சுதந்திரம் உள்ளவன் அவன்தான். கடைசி நாள் இல்லாதவனும் அவன்தான். கணக்குப் புத்தகம் கங்காணி கையில். இலங்கையை ஒப்பந்தம் என்று எழுதினால் இந்த முடிச்சு கட்டுரையிலிருந்து காணாமல் போகிறது. இத்தனைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் போனது இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும்தான்; நேட்டாலும் ஃபிஜியும் சிறு பங்கு. மலாயாவில் ஒப்பந்தமும் கங்காணியும் இரண்டும் இருந்தன. 1910-இல் ஒப்பந்தம் நின்றது, கங்காணி தொடர்ந்தான்.

பாரதி அழுதது ஃபிஜியின் கரும்புத் தோட்டத்துக்காக. அதைத் தேயிலை மலைப் படத்தின் கீழே போடாதீர்கள்.

இலங்கை முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி: குடியேற்றச் சீட்டை மறந்துவிட்டு, தோட்டத்துச் செக்ரோல் (ஆள்வருகை, சம்பளப் பதிவேடு), 1949-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பம், தாயகம் திரும்பிய குடும்ப அட்டை ஆகியவற்றைக் கேளுங்கள். அதற்கு முன் வீட்டில் உள்ள மூத்தவரிடம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைக் கேளுங்கள். துரைமார் வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று.

அடிமை என்றால் ஆப்பிரிக்கர், தமிழர் என்றால் கூலி என்பது

இதைத் திருத்தினால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. பழவேற்காட்டிலிருந்தும் பிறகு நாகப்பட்டினத்திலிருந்தும் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தமிழர்களை அடிமைகளாகவே கப்பலேற்றினார்கள், பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா), இலங்கைக்கு. 1650-களின் இறுதியில் தஞ்சைப் பக்கம் போரும் பஞ்சமும் வந்தபோது ஆயிரக்கணக்கில் ஆட்கள் விலைபோனார்கள். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியஸுக்கு அடிமைகளைக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தக் கூலியாகத் தமிழர் அந்தத் தீவில் இறங்கியபோது, அங்கே ஏற்கெனவே அடிமைகளாக வந்த தமிழரின் சந்ததி இருந்தது.

சொந்த ஊரிலும் அடிமை முறை இருந்தது. பள்ளர், பறையர் சமூகத்தாரை நிலத்தோடு சேர்த்து விற்றதும் அடமானம் வைத்ததும் காவிரிக் கரையில் நடந்த விஷயம். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமையைச் சொத்தாக நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும்தான் சொன்னது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது இந்தியத் தண்டனைச் சட்டம் வந்த பிறகு. பண்ணையில் கிடந்தவனுக்குக் கப்பல் எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசிக்காமல் "ஏமாற்றிக் கடத்தினார்கள்" என்று மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏமாற்றினார்கள், சரி. சிலர் தெரிந்தே ஏறினார்கள் என்பதும் சரி. ஐந்தாண்டுக்குப் பின் கடைசி நாள் உண்டு என்பது, தலைமுறையாகக் கடைசி நாளே பார்க்காதவனுக்குச் சின்ன விஷயமில்லை. இதைச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து என்பார்கள். ஊர் மிராசுதாருக்கு வக்காலத்து வாங்குவதைவிட அது மோசமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டுகள்

1834 ஆகஸ்ட் 1-இல் பிரிட்டிஷ் அடிமை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. "பயிற்சித் தொழிலாளி" என்ற பெயரில் 1838 வரை பிடித்துவைத்தார்கள். இரண்டு கோடிப் பவுண்டு இழப்பீடு உரிமையாளர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்தது 1835 பிப்ரவரியில். 'அட்லஸ்' கப்பலில் முப்பத்தாறு இந்தியக் கூலிகள் போர்ட் லூயியில் வந்து இறங்கியது 1834 நவம்பர் 2. ஆக, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று எழுத முடியாது. மூன்று மாதம் இரண்டும் ஒரே தீவில் இருந்தன. ஒப்பந்தக் கூலிக்கு ஆள்சேர்ப்பது 1917-இல் நின்றது. ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1-இல் ரத்தாயின.

"புதிய அடிமை முறை" என்று சொன்னவர்

காந்தியில்லை, கோகலேயில்லை. பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபு, 1840-இல். புதிய அடிமை முறைக்கு வழிவகுக்கும் பொறுப்பைத் தன்னால் ஏற்க முடியாது என்றார். அப்படியிருந்தும் 1842-இல் மொரீஷியஸுக்கும் 1844-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதைத் திறந்துவிட்டார்கள்.

எது கொடியது என்று தராசு பிடிப்பது

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை விடமாட்டார்கள், மதிப்பெண் உண்டாம். அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஒன்றேகால் கோடி. இந்திய ஒப்பந்தக் கூலிகள் சுமார் பதின்மூன்று லட்சம். எண்ணிக்கை எழுதுங்கள், சட்டம் எழுதுங்கள், குழந்தையை எழுதுங்கள். தராசை எனக்குக் காட்டாதீர்கள்.

தபால்காரருக்குப் போன சனிக்கிழமை அவர் தேடிய ஆளின் கூலி எண் கிடைத்துவிட்டது. நேட்டால் கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்; அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வீட்டில் வம்சப் படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறாராம். "சார், பாட்டனாரின் அண்ணன் பெயருக்குக் கீழே அடிமை என்று போடலாமா, கூலி என்று போடலாமா?" என்று கேட்டார். எண்ணைப் போடுங்கள், கப்பல் பெயரைப் போடுங்கள், இறங்கிய தேதியைப் போடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, திரும்பிய தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்தார். அந்தப் பெண் தன் கட்டுரையில் இலங்கையை அடித்துவிட்டு, ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.